இதே ஊர்

அம்சா புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். அதில் ஒன்றும் அதிசயமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. அம்சாவின் சங்கடம் வேறு. அவள் புருஷன் பேர் தணிகாசலம், வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் திருத்தணி. புருஷன் பேரில் பாதி ஊர்ப் பேருக்குள் உட்கார்ந்திருந்ததால் அதையும் வாயால் சொல்லக்கூடாது என்று ஆகிவிட்டது.

பொதட்டூர்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டால், "மலைக்கு ஒண்ணு குடுங்க" என்பாள். புதுக் கண்டக்டராக இருந்தால், "எந்த மலைக்கும்மா, திருப்பதி மலைக்கா?" என்று சீண்டுவான். பக்கத்தில் இருப்பவள் யாராவது பாவப்பட்டு, "திருத்தணிக்குக் குடுப்பா" என்று சொல்லும்வரை அம்சா காசை நீட்டியபடியே இருப்பாள். இது அவள் ஒருத்தியின் பாடு மட்டும் இல்லை. மலைமேல் முருகனை வைத்துக்கொண்டு வேறு பேர் தேடுவானேன் என்று எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகளுக்குத் தணிகைவேல், தணிகைமணி, தணிகைமலை என்றே வைத்துத் தள்ளியிருந்தார்கள். அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் பேரில்லாத ஊரில்தான் குடித்தனம் நடத்தினார்கள். நான் இதைச் சிரிக்கிற சமாசாரமாகத்தான் வைத்திருந்தேன், எக்ஸ்ரே வண்டி வந்து போகும்வரை.

அம்சாவைத் தெருவில் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு நாலு வீடு தாண்டியதும் திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பாள். பால் பொங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இறக்கிவைத்த பாலையும் பார்த்துக்கொண்டிருப்பவள் இவள். எதிர்வீட்டில் இருந்த எனக்கே பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. ஒரு காரியம் முடிந்ததென்று கண்ணெதிரே காட்டினால் ஒழிய முடிந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டாள். அதைப் பயம் என்று சொல்வதா, வேறென்னவாவது சொல்வதா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

தணிகாசலம் லுங்கி நெய்து விற்கிற முதலாளி ஒருவர் ஷெட்டில் பவர்லூம் ஓட்டினான். அவன் அம்சாவுக்கு அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டில் ராட்டை வைத்துத் தறிக்கு வேண்டிய நூலைச் சுற்றிக் கொடுப்பாள். சந்திரா என்று ஒரே பெண் குழந்தை, இரண்டு வயது நிறையவில்லை. ராட்டை சுற்றுகிறவளின் முதுகில் தொற்றிக்கொண்டு கழுத்தைக் கட்டியபடியே தூங்கிப்போகும். எண்பத்தேழாம் வருஷம் பனிக்காலத்தில் அம்சாவுக்கு இருமல் பிடித்தது. பொங்கல் கழிந்தது, வெயில் ஏறியது, இருமல் மட்டும் போகவில்லை.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. பட்டணத்தில் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய தர்ம ஸ்தாபனம் ஒன்று, காசநோய் யாருக்கு இருக்கிறது என்று பார்க்க ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி அனுப்பிக்கொண்டிருந்தது. வண்டி எங்கள் ஊரில் நின்றாலும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மேசை போட்டு ஒருவர் விவரம் எழுதினார். அம்சாவிடம் பேர் கேட்டார், சொன்னாள். புருஷன் பேர் கேட்டார். அவள் பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்க்க, அவள், "தணிகாசலம்னு எழுதிக்கோங்க சார்" என்றாள்.

"ஊர்?"

"இதே ஊர்தாங்க."

அந்த மனிதர் 'இதே ஊர்' என்று எழுதிக்கொண்டார். எழுதினது பொய்யும் இல்லை, தப்பும் இல்லை. வெயிலில் அவ்வளவு பெரிய வரிசை நிற்கும்போது யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

வளையலைக் கழற்றிவிட்டு, மோவாயைத் தகரத்தின்மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். வண்டியில் இருந்த டாக்டரம்மா இருமலைக் கேட்டுவிட்டு இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். "முடிவு தெரியற வரைக்கும் குழந்தையைப் பக்கத்துல படுக்க வைக்காதேம்மா. உனக்கு இருந்தா இதுக்கும் ஒட்டிக்கும். சின்னக் குழந்தைங்க தாங்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்சாவுக்கு அது போதும். மறுநாள் காலையில் சந்திராவைப் பொதட்டூர்பேட்டையில் அக்கா கௌரியம்மாள் வீட்டில் விட்டுவிட்டு வெறும் இடுப்போடு திரும்பி வந்தாள்.

சில வாரம் கழித்து அந்த ஸ்தாபனத்தின் ஆள் மணவாளன் ஜீப்பில் வந்தார். நோய் இல்லாதவர்களுக்கு வெள்ளை அட்டை, இருப்பவர்களுக்கு ரோஸ் அட்டை. பேர் பேராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். வெள்ளை வாங்கியவர்கள் விசிறிக்கொண்டு போனார்கள். ரோஸ் வாங்கியவர்கள் யார் கண்ணிலும் படாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அட்டைக் கட்டு தீர்ந்துபோனது. அம்சாவின் பேர் வரவில்லை.

"உன் பேரு இதுல இல்லம்மா. வரலன்னா ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம், பயப்படாத" என்றார் மணவாளன்.

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தானே வெள்ளை குடுத்தீங்க? எனக்கு அதுவும் இல்லியே" என்றாள் அம்சா.

மணவாளன் நல்ல மனிதர். கட்டை மறுபடி ஒருதரம் புரட்டிப் பார்த்தார். வெளியூர்க்காரர்களின் அட்டைகளோடு கலந்திருக்கலாம், அடுத்த வாரம் அங்கெல்லாம் போகும்போது பார்க்கிறேன் என்றார். அடுத்த வாரம் பொதட்டூர்பேட்டைக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் போனார். கௌரியம்மாளே போய் நின்று கேட்டாள். அங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு அம்சா பட்ட பாடு சொல்லி மாளாது. தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துக்கொண்டாள். இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுவாள். கடைத்தெரு டாக்டரிடம் போனாள். அவர் முதுகில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எடுத்த படத்தைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். படம் பட்டணத்தில் இருந்தது. ஒருநாள் பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போனாள். அக்கா வீட்டுக்குள் நுழையவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு கடையோரம் நின்று, தெருவில் சந்திரா மண்ணில் விளையாடுவதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். குழந்தை தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாக என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

தெருவில் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். இத்தனை பேருக்கு அட்டை வந்திருக்கிறது, சீக்கு இருந்தால் முதலில் உனக்கல்லவா வந்திருக்கும் என்றார்கள். நானும்தான் சொன்னேன். அவள் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். குழந்தையை மட்டும் கூட்டிவர மாட்டாள்.

தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது. பொல்லாதவன் இல்லை, பெண் மேல் உயிரையே வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பொதட்டூர்பேட்டைக்குப் போய்ச் சந்திராவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் தெருமுனையில் திரும்பும்போதே அம்சா பார்த்துவிட்டாள். ராட்டையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அம்சா, கதவைத் தொற. கொழந்த வந்துகீது பாரு" என்று தட்டினான்.

சந்திரா அம்மா அம்மா என்று கதவை உள்ளங்கையால் அடித்தது. முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. பிறகு அழுதது. அழுது அழுது விக்கல் எடுத்தது. நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம்.

"இன்னா பொம்பள நீ? அந்த மனுசன்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்ட்டாரே. அட்டை வரல, அப்போ சீக்கும் இல்ல. இதுகூடவா புரியல உனக்கு?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. கதவுக்கு வெகு அருகில் இருந்தாள் போலிருக்கிறது.

"நான் உங்க பேரச் சொல்றதில்ல பாவா. அதுக்கோசரம் எனக்குப் புருசன் இல்லன்னு ஆய்டுமா?"

தணிகாசலம் தட்டுவதை நிறுத்திவிட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "அட்டை வரலன்னா அட்டை வரல, அவ்ளோதான் தெரியும்" என்றாள் அம்சா. "சீக்கு இல்லன்னு யாரும் எனக்குச் சொல்லல. கொழந்தைய அக்கா கிட்டயே வுட்டுட்டு வாங்க." பிறகு இருமல் சத்தம்தான் கேட்டது. அவன் விக்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கே திரும்பிப் போனான். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தப் பிஞ்சுக் கை கதவை அடித்த சத்தம் எங்கள் வீடுவரைக்கும் கேட்டதென்றால், கதவின் மறுபுறம் நின்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஷெட்டில் லீவு கேட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்கு ரயில் ஏறினான் தணிகாசலம். இனி நான் சொல்வதெல்லாம் அவள் எனக்குச் சொன்னது. கம்ப்யூட்டர் விஷயத்தைத் தணிகாசலமும் இடையிடையே புகுந்து சொன்னான்.

ஸ்தாபனத்தின் மாடியில் கண்ணாடி போட்ட குளிர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லாருடைய விவரமும் அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் துளசிங்கம். தினமும் எங்கள் பக்கத்து மணவூரிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். நம் பக்கத்து ஆட்கள் என்றதும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"எந்த ஊரும்மா?"

அம்சா புருஷனைப் பார்த்தாள். அவன், "திருத்தணிங்க" என்றான்.

துளசிங்கம், திருத்தணி என்று ஊர் உள்ள அம்சாக்களைக் காட்டு என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். இரண்டு மூன்று அம்சாக்கள் வந்தார்கள். எவள் புருஷனும் தணிகாசலம் இல்லை. சரி, வெளியூர்ப் பக்கம் போயிருக்கும் என்று, திருத்தணி அல்லாத ஊர்களின் அம்சாக்களைக் கேட்டார். அதிலும் இவள் இல்லை. துளசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருத்தணியிலயும் நீங்க இல்ல. திருத்தணி இல்லாததுலயும் நீங்க இல்ல. இந்த ரெண்டுல ஒண்ணுல மனுசன் இருந்துதானே ஆகணும்? படம் எடுத்துக்கினது நம்ம வண்டிதானா, வேற ஏதாச்சுமா?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்போ இவ இல்லவே இல்லன்றீங்களா சார்?"

அம்சாவுக்கு வேறு பயம். படமே எடுக்கவில்லை என்று ஆகிவிட்டால் என்ன செய்வது? மறுபடி வண்டி எப்போது வரும், வந்து எப்போது எடுத்து, எப்போது தெரிந்து, எப்போது குழந்தையைத் தூக்குவது? வளையல் கழற்றியது, தகரம் மோவாயில் சில்லென்று பட்டது, டாக்டரம்மாவின் கழுத்தில் சிவப்பு மணி இருந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். துளசிங்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். திருத்தணி எத்தனை, திருத்தணி அல்லாதது எத்தனை என்று கேட்டுக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். கூட்டினது மொத்தத்துக்கு வரவில்லை. கொஞ்சம் பேர் குறைந்தார்கள்.

"இங்க பாரும்மா" என்றார். இப்போது அவர் குரலிலும் ஒரு பதற்றம் இருந்தது. "சில பேருக்கு ஊர் கட்டம் காலியா இருக்குது. காலின்னா ஊரே இல்லன்னு இல்ல, இன்னா ஊருன்னு தெரியலன்னு. திருத்தணியான்னு கேட்டா இது ஆமான்னு சொல்லாது, ஏன்னா அதுக்குத் தெரியாது. திருத்தணி இல்லியான்னு கேட்டாலும் ஆமான்னு சொல்லாது. அப்பவும் தெரியாதுதானே? ஆமான்னு வந்தவங்க பேரைத்தான் அட்டை போட்டோம். தெரியாததுங்கள எல்லாம் நாங்க தனியா கேட்டிருக்கணும். கேக்கல."

ஊர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள் யார் என்று இந்தத் தடவை கேட்டார். மிஷின் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. துளசிங்கம் பேர்களைப் படித்தார். எல்லாரும் பெண்கள். பக்கத்தில் புருஷன் பேர்: தணிகாசலம், தணிகைவேல், தணிகைமணி, தணிகைவேல், தணிகைமலை, தணிகாசலம். மணவூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டுமா? வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எழுதின மனிதரின் தாளை எடுத்துப் பார்த்தால் வரிக்கு வரி 'இதே ஊர்', 'இதே ஊர்' என்று இருந்தது. இங்கே ஏற்றின பெண்ணிடம் இருந்த ஊர்ப் பட்டியலில் அப்படி ஓர் ஊர் இல்லை. வண்டி பல ஊர்களில் நின்றது, எது அந்த 'இதே ஊர்' என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஊகித்து எதையாவது போடாமல் நேர்மையாகக் காலியாக விட்டிருந்தாள். துளசிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. பேர்களுக்கு நேரே கடைசியில் இருந்த, படத்தின் முடிவைப் போடுகிற கட்டத்துக்கு அவர் கண் போயிருந்தது. அந்தக் கட்டம் யாருக்கும் காலியாக இல்லை.

அவர் எழுந்து போய், வண்டியில் வந்திருந்த அதே டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். டாக்டரம்மா அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கும்மா" என்றார். "மருந்து இருக்கு, ஒழுங்கா சாப்பிட்டா போயிடும், பயப்படாதே." பிறகுதான் ஞாபகம் வந்தவராக, "குழந்தை?" என்று கேட்டார்.

"அக்கா ஊட்லங்க."

"எப்பலேர்ந்து?"

"நீங்க சொன்ன மறுநாள்லேர்ந்து."

டாக்டரம்மா அவள் கையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். தணிகாசலம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டான். அம்சாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லையாம், நிம்மதியாம். தெரிந்துவிட்டதல்லவா? இனி எண்ணி எண்ணி மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம். அந்த நிம்மதி அந்த அறையிலேயே தீர்ந்தும் போனது. துளசிங்கம் படித்த பேர்களில் ஒன்று குப்பம்மாள், கணவன் தணிகைவேல். எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவள். அவளுக்குப் பால்குடிக் குழந்தை.

"குப்பம்மாளுக்கு இன்னா அட்டைங்க?" என்று கேட்டாள்.

"அதை அவங்களுக்குத்தான் சொல்லணும்மா" என்றார் துளசிங்கம். விட்டுப்போன எல்லாருக்கும் அட்டை எழுதி வியாழக்கிழமை மணவாளனிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார். அவரும் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். ஆனால் அன்றைக்குத் திங்கள்கிழமை.

திரும்பும் ரயிலில் அம்சா வாயை மறைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "அவளுக்கு இருக்கோ இல்லியோ நமக்கு இன்னா தெரியும்? வியாழக்கெழம ஆளு வந்து சொல்வாரு. நாம எதுக்குப் போய் ஒரு குடும்பத்தப் பயமுறுத்தணும்?" என்றான் தணிகாசலம்.

"தெரியாதுன்னுதான் பாவா போவணும்" என்றாள் அவள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. நேரே குப்பம்மாள் தெருவுக்குப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரம். குப்பம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து குழந்தையை மார்பில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்சா படி ஏறவில்லை, தெரு நடுவிலேயே நின்றுகொண்டாள்.

"இன்னா அம்சா, அங்கயே நின்னுகினு? உள்ள வா."

"குப்பு, உனக்கு அட்டை வந்துச்சா?"

"வரலியே" என்று குப்பம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, அதான் வரல. எங்கூட்டுக்காரரு அன்னிக்கே மலைக்குப் போய்த் தேங்காய் ஒடச்சிட்டு வந்தாரு." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்தது. இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்ததால் வாயை மூடிக்கொள்ள அவளுக்குக் கை இல்லை. அந்த அதிர்வில் குழந்தை கண்ணைத் திறந்து, அம்மாவின் உதட்டைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"கொழந்தையக் கீழ எறக்கு, குப்பு" என்றாள் அம்சா.